பதின்ம வயதுப் பெண், ஆட்டிசம், நாலு பேரோடு பழகுதல்: பெங்களூர்த் தமிழ் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், மர்ஃபி டவுன், ஜீவன் பீமா நகர் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும் சிறப்புக் கல்வி ஆசிரியை நான். போனிலும், வகுப்பு முடிந்து வாசலில் செருப்பு மாட்டும் நேரத்திலும் பெற்றோர் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். பேச்சு வரும், பள்ளிக்கோ பி.யூ. காலேஜுக்கோ (தமிழ்நாட்டுப் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி) போகும் பெண்களை மனதில் வைத்து எழுதியது இது. பேச்சு வராத பிள்ளைகளுக்கு வழிமுறைகள் வேறு. அவற்றை இங்கே தொடவில்லை.

"நல்லாத்தானே பேசுறா, மார்க்கும் வாங்குறா. இதுல ஆட்டிசம் எங்கருந்து வந்துச்சு?"

வார்த்தை வருவது ஒன்று, அடுத்தவரோடு பேச்சை முன்னும் பின்னும் கொண்டுபோவது வேறொன்று. போனில் "அப்பா இருக்காராம்மா?" என்று கேட்டால் "இருக்கார்" என்று சொல்லி வைத்துவிடும் பிள்ளை கேள்விக்குச் சரியான பதில்தான் சொல்லியிருக்கிறாள். கேட்டவர் உண்மையில் கேட்டது "அவரைக் கூப்பிடு" என்பது. வெளியே சொல்லாத அந்தப் பாதிதான் அவளுக்குத் தானாக எட்டுவதில்லை. கூடவே மிக்ஸி சத்தம், யூனிஃபார்ம் தையல் உறுத்துவது, திடீரென்று மாறும் டைம்டேபிள் இவையெல்லாம் மற்றவர்களைவிட அவளைப் பல மடங்கு படுத்தும்.

முன்பு இப்படி நன்றாகப் பேசும் பிள்ளைகளை ஆஸ்பர்ஜர் என்று தனியாகச் சொல்வார்கள். 2013ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் நோயறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு வந்தபோது எல்லாமே ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே பெயருக்குள் வந்துவிட்டது. பழைய ரிப்போர்ட்டில் ஒன்றும் புதியதில் இன்னொன்றும் இருந்தால் பதற வேண்டாம்.

"பதினாலு வயசு வரைக்கும் எந்த டாக்டரும் ஏன் சொல்லலை?"

ஆட்டிசம் என்றால் என்ன என்று உலகம் கற்றுக்கொண்டதே பெரும்பாலும் பையன்களைப் பார்த்துத்தான். 1943ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் விவரித்த 11 குழந்தைகளில் 3 பேர்தான் பெண்கள். அடுத்த வருஷம் ஆஸ்திரிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பர்ஜர் எழுதிய நாலு பேரும் பையன்கள். இத்தனைக்கும் 1920களிலேயே சோவியத் மருத்துவர் குருன்யா சுகரேவா சிறுவர்களோடு சிறுமிகளைப் பற்றியும் எழுதியிருந்தார். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நாலு பையனுக்கு ஒரு பெண் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2017ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், மூன்றுக்கு ஒன்று என்பதுதான் நிஜத்துக்குப் பக்கம், பெண்கள் கணக்கில் விடுபட்டுப் போகிறார்கள் என்றார்கள்.

இன்னொரு காரணம், பெண்கள் மறைத்துவிடுகிறார்கள். பக்கத்து பெஞ்சுப் பெண் எப்படிச் சிரிக்கிறாள், எந்த இடத்தில் "ஐயோ, நிஜமாவா?" என்கிறாள் என்று பார்த்துப் பார்த்து அப்படியே செய்வார்கள். ஆசிரியைக்கு "அமைதியான பொண்ணு". ஏழாவது எட்டாவதில் தோழிகள் கூட்டம் நுணுக்கமாகிவிடும். யார் யாரோடு பேசுவதில்லை, எந்த ஜோக் யாரைக் குத்துகிறது என்பதெல்லாம் நாளுக்கு நாள் மாறும். அங்கே பார்த்துச் செய்யும் வித்தை செல்லாது. அதனால்தான் பலருக்கு அந்த வயதில் தெரிய வருகிறது.

"ஸ்கூல்ல தங்கமா இருக்காளாம். வீட்டுக்கு வந்து பையை வீசி கத்துறா. எங்ககிட்ட மட்டும் ஏன்?"

மேலே சொன்ன மறைப்புக்குக் கொடுக்கும் விலை இது. திருநெல்வேலியிலிருந்து பெங்களூருக்கு வந்த புதிதில் ஒரு நாள் முழுக்க அரைகுறைக் கன்னடத்தில் சமாளித்துவிட்டு வீடு திரும்பிய சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். யாராவது ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டால் எரிந்து விழுந்திருப்போம். அவளுக்குத் தினமும் அந்தச் சாயங்காலம்தான். வீட்டில் கத்துகிறாள் என்றால், கத்தினாலும் கைவிட மாட்டார்கள் என்று நம்பும் இடம் அது ஒன்றுதான் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

பள்ளி விட்டு வந்து முதல் ஒரு மணி நேரம் கேள்வியே கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" கூட வேண்டாம். ஃபேன், இருட்டு அறை, அவளுக்குப் பிடித்த ஒரே டிபன், தேவைப்பட்டால் காதில் ஹெட்ஃபோன். டியூஷனை அந்த நேரத்தில் வைத்திருந்தால் தள்ளிப்போடுங்கள். வாரத்தில் அஞ்சு நாள் டியூஷன், சனிக்கிழமை பரதம், ஞாயிற்றுக்கிழமை என் வகுப்பு என்று இருந்தால் முதலில் நிறுத்த வேண்டியது என் வகுப்பை என்று நானே சொல்லியிருக்கிறேன்.

"வீட்ல தமிழ், ஆட்டோக்காரர்கிட்ட கன்னடம், ஸ்கூல்ல இங்கிலீஷ், பக்கத்து ஃபிளாட்ல ஹிந்தி. இதனாலதான் குழம்பிட்டாளோ? தமிழை விட்டுடலாமா?"

விடாதீர்கள். பல மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை, இருப்பது கூடுவதும் இல்லை. இதுவரை வந்த ஆய்வுகள் இதில் ஒரே பக்கம்தான் நிற்கின்றன. தமிழை நிறுத்தினால் பாட்டியோடும் அத்தை பிள்ளைகளோடும் பேசும் வாய்ப்பு போகும். பழகக் கற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளைக்குப் பழக இருக்கும் ஆட்களைக் குறைப்பதில் என்ன லாபம்? அம்மாவுக்கே தடுமாறும் இங்கிலீஷில் கோபத்தையும் கொஞ்சலையும் சொல்லப்போனால் இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும்.

"கண்ணைப் பார்த்துப் பேசுன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

ஒரு வாட்டிகூட வேண்டாம். கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது நின்றுவிடுகிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் அவள் கேட்கட்டும். எதிராளிக்கு வேண்டியது "இவள் கவனிக்கிறாள்" என்ற அடையாளம். அதற்குத் தோளை அவர்கள் பக்கம் திருப்பினால் போதும். நெற்றிப் பொட்டையோ கம்மலையோ பார்த்தால் போதும். நடுவில் ஒரு "ம்" சொன்னால் இன்னும் நல்லது. "நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் மிஸ், கீழ பார்த்தாதான் எனக்குப் புரியும்" என்று சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்த மாதிரி.

"சோஷியல் ஸ்கில்ஸ் கிளாஸ்னு சொல்றீங்க. உள்ள அப்படி என்னதான் சொல்லித் தர்றீங்க?"

மற்ற பிள்ளைகள் யாரும் சொல்லாமலே பிடித்துக்கொள்வதை உடைத்து, வெளிப்படையாகச் சொல்லித் தருகிறோம். ஒரு உதாரணம். இந்திராநகரில் ஒரு தர்ஷினிக்கு, அதாவது நின்றபடியே சாப்பிடும் டிபன் கடைக்கு, ஒரு பெண்ணை அழைத்துப்போனேன். பலகையைப் படித்து முடிவு செய்வது, கேஷில் சொல்லிப் பணம் கொடுப்பது, பில்லை வாங்கி அந்தப் பக்கக் கவுன்ட்டரில் நீட்டுவது என்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்திருந்தாள். அத்தனையும் சரியாக நடந்தது. கவுன்ட்டர் அண்ணன் இட்லித் தட்டைத் தூக்கிக்கொண்டே "டிப்பா, செபரேட்டா?" என்றார். சாம்பாரில் முக்கியா, தனிக் கிண்ணத்திலா என்று கேட்கிறார். ஒத்திகையில் அது இல்லை. விரல்கள் பில்லைச் சுருட்ட ஆரம்பித்தன, பின்னால் நின்றவர் "பேக மாடி" (சீக்கிரம் ஆகட்டும்) என்றார், அவள் வெளியே போய்விட்டாள்.

அன்றைக்கு அவள் கற்றுக்கொண்டு போக வேண்டியது டிப், செபரேட் இரண்டுக்கும் வித்தியாசம் அல்ல. நாளைக்கு வேறு கடையில் வேறு கேள்வி வரும். எந்தக் கேள்விக்கும் செல்லும் ஒரு வாக்கியம் வேண்டும். "அர்த்த ஆகலில்ல அண்ணா, இன்னொந்து சல ஹேளி." தமிழில் "புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க". மனப்பாடமாக வைத்திருக்கும் வசனம் அறுந்துபோகும் இடத்தில் என்ன செய்வது என்பதுதான் பாடத்தின் பெரும்பகுதி. வசனத்தை மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பும் வகுப்புகள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

பள்ளி இடைவேளைக்கு வேறு மாதிரி. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகசன் உருவாக்கிய பீர்ஸ் என்ற பயிற்சிமுறையில் எனக்குப் பிடித்த விஷயம், பெரியவர்கள் என்ன செய்யச் சொல்வார்கள் என்பதை விட்டுவிட்டு, அந்த வயதுப் பிள்ளைகள் நிஜமாக என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது. பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் சேர நாம் சொல்லும் வழி "போய் ஹாய் சொல்லு". எந்தப் பிள்ளையும் அப்படிச் சேருவதில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, எதைப் பற்றிப் பேச்சு என்று கேட்டு, பேச்சு நிற்கும் இடம் பார்த்து, அதே விஷயத்தில் ஒரு வரி சொல்வார்கள். யாராவது திரும்பிப் பார்த்து இடம் விட்டால் சேரலாம். யாரும் திரும்பாவிட்டால் வாட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நகர வேண்டியதுதான். இந்த நகர்வதையும் தனியாகப் பழக்குகிறோம். அதைப் பழக்காமல் விட்டால் பிள்ளை அங்கேயே நின்றுகொண்டிருப்பாள்.

"கொலுவுக்குக் கூட்டிட்டுப் போனா மானம் போகுது. 'ஆன்ட்டி, சுண்டல்ல உப்பே இல்லை, நீங்க போன வருஷத்தைவிட குண்டாயிட்டீங்க'ன்னு ஒரே மூச்சுல சொல்றா."

இரண்டும் உண்மையாகத்தான் இருந்திருக்கும். "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்பதில் 'அப்படி' எது என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லித் தருவது ஐந்து நிமிட விதி. கேட்பவர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துகொள்ள முடிந்ததை, பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொல்லலாம். பல்லில் கீரை, புடவைத் தலைப்பு தரையில் இழுபடுவது, சுண்டலில் உப்பு. முடியாததைச் சொல்ல வேண்டாம். எடை, நிறம், வயசு, சம்பளம், குழந்தை எப்போது என்பது.

உடனே அவள் மடக்குவாள்: "சித்தி மட்டும் என்னைக் கறுத்துட்டேன்னு சொல்றாங்களே?" இதற்குப் பெரியவர்கள் மழுப்பக் கூடாது. சித்தி விதியை மீறுகிறார், நம் ஊரில் பெரியவர்கள் நிறைய பேர் மீறுவார்கள், அது சரியில்லை என்று நேராகச் சொல்லுங்கள். முடிந்தால் சித்தியிடமும் சொல்லுங்கள். கொலுவில் "ஒரு பாட்டு பாடேன்" என்று வற்புறுத்தும்போது "இன்னைக்குப் பாடலை ஆன்ட்டி" என்று அவள் சொன்னால் அது முழுப் பதில். பக்கத்திலிருந்து முழங்கையால் இடிக்காதீர்கள். ஏன் என்று கீழே வரும்.

"பிரெண்டுன்னு ஒருத்தி இல்லையே. பிறந்தநாளுக்குக் கூப்பிட ஆளில்லை."

அது உங்கள் வருத்தமா, அவள் வருத்தமா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சில பெண்களுக்கு ஒரே ஒரு தோழி, அதுவும் வாரம் ஒரு தடவை போதும். சிலர் தவிக்கிறார்கள், வழிதான் தெரியவில்லை.

வழி பெரும்பாலும் அவள் பைத்தியமாக இருக்கும் விஷயத்திலேயே இருக்கும். ஒரு பெண்ணுக்கு பெங்களூர் மெட்ரோ ரயில், 'நம்ம மெட்ரோ'. பர்ப்பிள் லைன் ஸ்டேஷன்களைச் செல்லகட்டாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை வரிசையாகச் சொல்வாள். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திராவுக்கு யெல்லோ லைன் திறந்தபோது அவளுக்கு அதுதான் தீபாவளி. "எப்பப் பாரு ரயிலு" என்று வீட்டில் தடை போட்டிருந்தார்கள். நான் தடையை எடுக்கச் சொன்னேன். பதிலுக்கு அவள் கற்றுக்கொண்டது ஒரே கேள்வி: நாலைந்து வாக்கியத்துக்கு ஒரு முறை நிறுத்தி "இன்னும் சொல்லட்டுமா, போதுமா?" எதிராளி முகத்தைப் படித்து அலுப்பைக் கண்டுபிடி என்றால் அவளுக்கு முடியாது. வாய்விட்டுக் கேட்க முடியும். வரைவது, அனிமே, பூனை, கிரிக்கெட் புள்ளிவிவரம் எதுவானாலும் அதே ஆர்வம் உள்ள ஒரு பிள்ளையோடு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது செய்யவிடுங்கள். எதிரும் புதிருமாக உட்கார்த்தி "பேசுங்கம்மா" என்றால் எந்தப் பிள்ளையும் பேசாது.

"வாட்ஸ்அப் குரூப்புல அவளை வச்சு கிண்டல் ஓடுது. அவளும் சிரிக்கிற பொம்மை போடுறா. புரியாமலா, புரிஞ்சேவா?"

சில சமயம் புரியாமல், சில சமயம் குரூப்பை விட்டுத் தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில். அவளோடு உட்கார்ந்து பழைய மெசேஜ்களைப் பாருங்கள், அவள் சம்மதத்தோடு. "இது ஜோக்கா, குத்தலா?" என்று கேட்டு அவள் பதிலை முதலில் கேளுங்கள். நேரில் கிண்டல் வந்தால் "கண்டுக்காதே" என்ற நம் அறிவுரை வேலைக்காகாது. அந்த வயதில் தப்பிப்பவர்கள் சின்னதாக, அலுத்துப்போன குரலில் ஏதாவது சொல்லிவிட்டு நகர்கிறார்கள். "சரி, அதுக்கென்ன?" "ஓ, அவ்ளோதானா?" கண்ணாடி முன் நின்று இந்தக் குரலைப் பழகுவதுதான் வகுப்பிலேயே சிரிப்பான பகுதி. அடி, மிரட்டல், உடம்பைப் பற்றிய பேச்சு என்று போனால் இந்த வித்தை கிடையாது. ஸ்க்ரீன்ஷாட்டோடு பள்ளிக்குப் போங்கள்.

தோழி என்ற பெயரில் நோட்ஸ் எழுத வைப்பது, கேன்டீனில் தினமும் இவளையே காசு கொடுக்க வைப்பது வேறு வகை. அதற்கு உணர்ச்சியெல்லாம் பேசாமல் கணக்குப் போடச் சொல்கிறேன். இந்த மாதம் நீ எத்தனை தடவை கொடுத்தே, அவள் எத்தனை தடவை? எண்ணிக்கை இவர்களுக்குப் பிடிக்கும், ஏமாற்றாது.

"பீரியட்ஸ் ஆரம்பிச்சாச்சு. எதை எங்க பேசணும்னு தெரியல, கிளாஸ்ல சத்தமா சொல்லிட்டா."

"வெட்கமில்லையா?" என்று கேட்டால் மாதவிடாயே தப்பு என்று பதிந்துவிடும். வெட்கத்தை விட்டு இடத்தை வையுங்கள். வீட்டில் அம்மா, அக்கா, பாட்டி, பள்ளியில் இந்த மிஸ், இந்தத் தோழி, டாக்டர். பட்டியலைப் பெயர் போட்டு எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். நாப்கினை எப்போது மாற்றுவது என்பதற்கு "நனைஞ்சா மாத்து" என்பதைவிட மணி சொல்வது நல்லது. முதல் இன்டர்வெல், லஞ்ச், வீடு. சுற்றி எறியும் வரை எல்லாப் படியையும் வராத நாளிலேயே பழக்குங்கள். ஒட்டும் பிசினோ ஓரமோ உறுத்துகிறது என்று அழுதால் அது அடம் அல்ல. துணி நாப்கினோ மாதவிடாய் உள்ளாடையோ வாங்கிப் பாருங்கள்.

"யார் என்ன சொன்னாலும் அப்படியே கேப்பா. சமர்த்து. அது நல்லதுதானே?"

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். எனக்கு அதிகக் கவலை தரும் பிள்ளை கத்துகிற பிள்ளை இல்லை, இந்தச் சமர்த்துதான். நம் வீடுகளில் பெண்பிள்ளைக்குக் கீழ்ப்படிதல் ஏற்கெனவே பாடம். அதன்மேல் சின்ன வயதிலிருந்து தெரபியில் "கையைக் குடு", "உட்காரு", "சிரி", செய்தால் ஜெம்ஸ் மிட்டாய் என்று பழக்கியிருப்பார்கள். பெரியவர்கள் சொன்னதைச் செய்தால் பரிசு என்று கற்ற பெண்ணிடம் ஒரு தப்பான பெரியவர் எதையும் சொல்லலாம். அதனால் மறுப்பதை முதலில் கற்றுத் தருகிறேன், வணக்கம் சொல்வதையெல்லாம் அப்புறம். "உன் பென்சில் பாக்ஸைக் குடு" என்பேன். "தர மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். நான் கெஞ்சுவேன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வேன், "மிஸ்ஸுக்கே தரமாட்டியா?" என்பேன். அவள் தராமல் இருக்கப் பழக வேண்டும். சில பெண்கள் முதலில் கண் கலங்கிவிடுவார்கள்.

வீட்டில் அந்த மறுப்புக்கு மரியாதை கிடைக்க வேண்டும். இரண்டாவது தோசை வேண்டாம், போட்டோ வேண்டாம், மாமா கன்னத்தைக் கிள்ள வேண்டாம், கொலுவில் பாட மாட்டேன். இந்தச் சின்ன 'வேண்டாம்'களை நாம் மிதித்தால் பெரிய 'வேண்டாம்' அவள் வாயில் வராது. உடலுறுப்புகளின் சரியான பெயர் தெரிந்திருக்கட்டும். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யார் சொன்னாலும் அதை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொள்ளும் பிள்ளை, அப்பா பிறந்தநாளுக்கு ஒளித்துவைத்த கேக்கையும் சொல்லிவிடுவாள். அதனால் ஒரு வரி சேர்க்கிறேன்: எல்லோருக்கும் தெரியப்போகும் தேதி இருந்தால் அது சர்ப்ரைஸ், காத்திருக்கலாம், தேதி இல்லாவிட்டால் உடனே சொல். இது போனில் போட்டோ கேட்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அவள் ஏதாவது சொன்னால், சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிவையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், "நீ ஏன் அங்க போனே?" என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ன் போக்சோ சட்டம் பொருந்தும். தெரிந்தவர்கள் போலீசில் சொல்லியாக வேண்டும் என்பது அதில் கடமை. வாக்குமூலம் எடுக்கும்போது சிறப்புக் கல்வியாளர் உதவியைக் கேட்டுப் பெறவும் அதில் இடம் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. குழந்தைகள் உதவி எண் 1098.

"பி.யூ. காலேஜுக்குத் தனியா பஸ்ல விடலாமா?"

மேலே சொன்ன மறுப்பும், தர்ஷினிப் பதிலில் வந்த "இன்னொரு தடவை சொல்லுங்க"வும் வாயில் வந்த பிறகு விடலாம். முதலில் அவளோடு ஒரே சீட்டில், பிறகு அதே பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்து, பிறகு நீங்கள் காலேஜ் ஸ்டாப்பில் காத்திருந்து. கூட்டமில்லாத நேரத்தில் ஆரம்பியுங்கள். 2023 ஜூனிலிருந்து சக்தி திட்டத்தில் கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு சாதாரண பஸ்களில் இலவசம். சில்லறைத் தகராறு மிச்சம். ஆனால் அடையாள அட்டையைக் காட்டுவதும் ஒரு படி, அதையும் பழக்குங்கள். வழி மாறிவிட்டால் யாரிடம் கேட்பது என்பதைத் "தெரியாதவங்ககிட்ட பேசாதே" என்று முடித்துவிடாமல் ஆள் காட்டிச் சொல்லுங்கள்: கண்டக்டர், சீருடைக் காவலர், குழந்தையோடு இருக்கும் பெண்.

மெட்ரோ பல பிள்ளைகளுக்கு எளிது. கதவு எங்கே திறக்கும், அடுத்து எந்த ஸ்டேஷன் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். மெஜஸ்டிக்கில் சாயங்காலம் லைன் மாறுவதை மட்டும் கடைசியாக வையுங்கள். பெரியவர்களுக்கே அது சோதனை.

"இதுக்கு மருந்து இருக்கா? ஸ்டெம் செல் ஊசின்னு சொல்றாங்களே?"

ஆட்டிசத்தை நீக்கும் மருந்து கிடையாது. பதற்றம், தூக்கமின்மை, அளவுமீறிய எரிச்சல் இவற்றுக்கு மனநல மருத்துவர் மருந்து தரலாம், அது தனி. ஸ்டெம் செல்லுக்கு நகையை அடகு வைக்காதீர்கள். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையமே சொல்லியிருக்கிறது.

"சர்டிபிகேட் வாங்கணுமா? வாங்கினா வாழ்நாள் முழுக்க முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா?"

மாற்றுத்திறனாளிச் சான்றிதழை வாங்கிவைப்பது உங்கள் கையில், காட்டுவதும் உங்கள் கையில். 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்த்து 21 வகைகளைச் சொல்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு, சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். சிபிஎஸ்இ தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், தேவைப்பட்டால் எழுதித் தர ஆள். உயர்கல்வியில் 5 சதவீத இட ஒதுக்கீட்டில் இவர்களும் வருவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு அரசு மருத்துவமனைப் பரிசோதனைக்குப் போக வேண்டும்; ஓசூர் ரோட்டில் இருக்கும் மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸில் குழந்தைகள், பதின்ம வயதினருக்கென்று தனித் துறையே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சான்றிதழுக்கான மதிப்பீட்டில், ஆட்டிசத்தின் அளவைக் கணக்கிடும் ஐசா என்ற 40 கேள்விப் பட்டியல் வரும். மறைக்கத் தெரிந்த பெண் அன்றைக்கு அந்த அறையிலும் மறைப்பாள், மதிப்பெண் குறைவாக வரும். வீட்டில் சாயங்காலம் நடப்பதை, ஆசிரியை கவனித்ததை எழுதி எடுத்துப்போங்கள். அவள் காதுபட விவரிக்காமல் தாளாகக் கொடுங்கள்.

"அவளுக்கு ஆட்டிசம்னு அவகிட்டயே சொல்லலாமா?"

சொல்லுங்கள். ஏதோ வித்தியாசம் இருப்பது அவளுக்கு எப்போதோ தெரியும்; பெயர் தெரியாததால் "நான் லூசு" என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டிருப்பாள். சண்டை நடந்த நாளில் வேண்டாம். அவளுக்கு எளிதாக வருவது, கஷ்டமாக வருவது இரண்டையும் அவள் வாழ்க்கையிலிருந்தே எடுத்துச் சொல்லி, இப்படி இருப்பவர்கள் உலகத்தில் நிறைய பேர், இதற்கு ஆட்டிசம் என்று பெயர் என்று சொல்லுங்கள். அன்றைக்கே எல்லாம் கேட்டுவிட மாட்டாள். கேள்விகள் ஒரு வாரம் கழித்து, சம்பந்தமில்லாத நேரத்தில் வரும்.

"சொந்தக்காரங்க கல்யாணம், எதிர்காலம்னு ஆரம்பிச்சா என்ன சொல்றது?"

பதினைந்து வயதுப் பெண்ணைப் பற்றி யார் கேட்டாலும் சொல்லும் பதில்தான்: "படிக்கிறா." மறைத்து வரன் பார்ப்பது வேண்டாம் என்பது மட்டும் என் உறுதியான கருத்து. 18 ஆனதும் கார்டியன் போட்டே ஆக வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். 1999ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அந்த வழி இருக்கிறது, தேவைப்படுவோருக்கு. தன் பணத்தையும் தன் உடம்பையும் பற்றி முடிவெடுக்கத் தெரிந்த பெண்ணுக்கு அது எதற்கு?

"நான் ஏன் மிஸ் மாறணும்? அவங்க மாறட்டுமே."

இதைக் கேட்டது அம்மாக்கள் இல்லை, ஒரு பதினாறு வயதுப் பெண். டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012ல் இதையேதான் வாதமாக வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்கிறோம். மற்றவர்களுக்கும் அவர்களைப் புரிவதில்லையே, கோளாறு ஒரு பக்கம் மட்டும் எப்படி இருக்கும் என்றார். அதனால் அவளிடம் "நீ சொல்றது சரி" என்றேன். அவள் வகுப்பு ஆசிரியையையும் மூன்று தோழிகளையும் உட்காரவைத்து, இவளிடம் ஜாடையாகப் பேசாதீர்கள், நேராகச் சொல்லுங்கள், பதிலுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று ஒரு மதியம் பேசினோம். அவளையும் கூட வைத்துக்கொண்டு, அவள் சரிபார்த்த தாளிலிருந்து.

பிறகு அவள் பாடப் பட்டியலை அவளிடமே கொடுத்தேன். கைகுலுக்குவது, சும்மா விசாரிப்பது, போட்டோவுக்குச் சிரிப்பது மூன்றையும் அடித்துவிட்டாள். டெலிவரிக்காரருக்குப் போனில் வழி சொல்வது, தப்பாக வந்த ஆர்டரைத் திருப்பிக் கொடுப்பது, லேப் பார்ட்னரை மாற்றச் சொல்லி லெக்சரரிடம் கேட்பது மூன்றையும் வைத்துக்கொண்டாள். இப்போது லெக்சரரில் இருக்கிறோம்.